பழைய வேர்க்ஸ்டேஷன்களில் கேர்னலும் டிரைவரும்: எதைப் புதுப்பிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

#1 கொட்டகலை_கேர்னல்

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதிலிருந்து தோட்ட ஒஃபிஸ்களிலும் பாடசாலைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஒரே கேள்விதான் வருகிறது. "இந்த எச்பி இசட்400க்கு லினக்ஸ் போட்டால் எத்தனை வருஷம் ஓடும்?" டெல் பிரிசிஷன் டி3500, இசட்420, இசட்600 எல்லாம் இதே வரிசை. பெட்டி உறுதி, பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ரேம், நல்ல பவர் சப்ளை. தூக்கிப்போட ஒரு காரணமும் இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அப்கிரேட் அழுத்தினால் ஒரு காலையில் கறுப்புத் திரைதான் மிஞ்சும். அதைத் தவிர்க்கும் வழிகளை இந்த இழையில் சேர்ப்போம். கேர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, டிரைவர் என்பது ஒரு கார்டை அதோடு பேசவைக்கும் நிரல். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. அமைப்பு ஃபைல்களில் வரும் 'மொடியூல்ஸ்', 'கிரப்_டிஃபோல்ட்', 'ஐடி_எம்எம்_டிவைஸ்_இக்னோர்' போன்ற பெயர்கள் மட்டும் பேரெழுத்து.

முதல் வேலை கணக்கெடுப்பு. 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' அடித்தால் ஒவ்வொரு கார்டுக்கும் அதன் எண்ணும், இப்போது எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்பதும் வரும். அதை ஒரு ஃபைலில் சேமித்து, பிரிண்ட் எடுத்து, பெட்டியின் உள்மூடியில் ஒட்டுங்கள். பிறகு அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு டிரைவருக்கும் 'மொட்இன்ஃபோ' அடித்து ஃபைல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'கேர்னல்' என்ற ஃபோல்டருக்குள் இருந்தால் அது கேர்னலோடு வந்தது. கேர்னல் மாறும்போது அதை மாற்றியவர்களே டிரைவரையும் சேர்த்துத் திருத்தியிருப்பார்கள். 'அப்டேட்ஸ்' ஃபோல்டருக்குள் டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கேர்னலுக்கும் வெளி டிரைவரைத் திரும்பக் கட்டும் கருவி) என்று இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது. உங்கள் மெஷின் எத்தனை வருஷம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது வகைதான். அதைப் பூச்சியமாக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

இந்த மெஷின்களில் பொதுவாக இருப்பவை: இசட்400, டி3500 இரண்டிலும் நெட்வேர்க் புரொட்கொம், டிரைவர் 'டிஜி3'. இசட்420இலும் டி3600இலும் இன்டெல் 82579எல்எம், டிரைவர் 'இ1000இ'. டிஸ்க்குக்கு 'ஏஎச்சிஐ'. இசட்420இன் எஸ்ஏஎஸ் போர்ட்களுக்கு 'ஐஎஸ்சிஐ'. எல்லாமே கேர்னலுக்குள் உள்ளவை, இவற்றால் தூக்கம் கெடாது. தலைவலி கிராஃபிக்ஸ் கார்டில்தான்.

புரொசெசர் மட்டத்தையும், அதாவது அதற்குத் தெரிந்த கட்டளைத் தொகுதியின் படியையும் பாருங்கள். இசட்400இன் நெஹலம் சியோனும் இசட்420இன் சாண்டி பிரிட்ஜும் எக்ஸ்86-64-வி2 மட்டம். ரெட் ஹெட் 9க்குப் போதும், 10க்குப் போதாது. அதற்கு வி3, அதாவது ஏவிஎக்ஸ்2 வேண்டும். அல்மாலினக்ஸ் 10 வி2க்கென்று தனிப் பதிப்பு தருகிறது. கோர் 2 காலத்துச் சியோன் 5400 வரிசை வி1 மட்டுமே. டெபியன் 13க்கு 64 பிட் இருந்தால் போதும். 32 பிட் மட்டும் உள்ள மெஷினுக்கு டெபியன் 13இல் கேர்னலே கிடையாது, 12உடன் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

#2 பதுளை_பைட்

நல்ல இழை அண்ணே. நேராகக் கேள்விக்கு வருகிறேன். டி3500, கார்ட் குவாட்ரோ எஃப்எக்ஸ் 580. உபுண்டு 20.04, கேர்னல் 5.4, என்விடியா 340.108. நன்றாக ஓடுகிறது. 20.04க்குப் பொது ஆதரவு முடிந்துவிட்டது, 24.04க்குப் போனால் 340 பில்ட் ஆகாமல் டிகேஎம்எஸ் நிற்கிறது. புதுக் கேர்னலுக்கு ஏற்ப ஒட்டு (பெட்ச்) போட்ட 340 இணையத்தில் கிடைக்கிறது. அதை நம்பலாமா?

#3 நானுஓயா_நோட்

தம்பி, ஏன் நிற்கிறது என்று தெரிந்தால் நம்பலாமா என்பது தானாகத் தெரியும்.

340.108 வெளிவந்தது 2019 டிசம்பர். அந்தக் கிளையில் அதுவே கடைசி. கேர்னல் தன் உள் இடைமுகங்களை வெளி டிரைவர்களுக்காக நிலையாக வைப்பதில்லை. அதற்குப் பின் நடந்தவற்றில் சில:

கேர்னல் 5.6இல் 'ஐஓரீமேப்_நோகேஷ்' நீக்கப்பட்டது. அதே 5.6இல் புரொக் ஃபைல்களுக்கு 'ஃபைல்_ஒபரேஷன்ஸ்' போய் 'புரொக்_ஒப்ஸ்' வந்தது. 5.18இல் பழைய பிசிஐ டிஎம்ஏ உறைகள் போயின. 6.4இல் 'கிளாஸ்_கிரியேட்' ஒரே ஒரு அளவுருவைத்தான் ஏற்கும் என்றானது. 6.15இல் 'டெல்_டைமர்' போய் 'டைமர்_டிலீட்' மட்டும் மிஞ்சியது, மேக்ஃபைலில் 'எக்ஸ்ட்ரா_சிஃப்ளாக்ஸ்' எழுதினால் கேர்னல் கண்டுகொள்ளாது, 'சிசிஃப்ளாக்ஸ்-ஒய்' என்று எழுத வேண்டும்.

ஒட்டுப் போடுகிறவர்கள் இந்த ஒவ்வொன்றையும் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். நல்ல மனசோடு செய்கிற வேலை, மறுக்கவில்லை. ஆனால் பில்ட் ஆவதும் சரியாக ஓடுவதும் வேறு வேறு. அந்த டிரைவரின் மூடிய பகுதி 2019இலேயே உறைந்துவிட்டது, அதற்குள் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் எந்த ஒட்டும் அதைத் தொடாது. இணையத்தில் இருக்கும் மெஷினில் போடாதீர்கள்.

#4 கொட்டகலை_கேர்னல்

அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். யார் கையில் எந்தக் கார்ட் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்:

எஃப்எக்ஸ் 580, எஃப்எக்ஸ் 1800, எஃப்எக்ஸ் 3800: டெஸ்லா தலைமுறை, 340 கிளை, 2019உடன் சரி.
குவாட்ரோ 600, 2000, 4000: ஃபெர்மி, 390 கிளை, கடைசி 390.157, 2022 நவம்பர்.
கே600, கே2000, கே4000: கெப்லர், 470 கிளை. 2024உடன் நின்றது.
கே620: பெயரில் கே இருந்தாலும் இது மெக்ஸ்வெல். 580 கிளை வரை போகும், அதுவே மெக்ஸ்வெல்லுக்குக் கடைசிக் கிளை. செகண்ட் ஹேண்ட் கடையில் கே600ஐயும் கே620ஐயும் ஒரே தட்டில் வைத்திருப்பார்கள். ஸ்டிக்கரைச் சரியாகப் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் கேர்னலுக்குள் 'நூவோ' என்ற திறந்த டிரைவர் இருக்கிறது. கணக்கு வழக்கு, பிரவுசர், லிப்ரே ஒஃபிஸ், இரண்டு மொனிட்டர், இவ்வளவுதான் வேலை என்றால் நூவோ போதும். முப்பரிமாணம் வேண்டுமென்றால் கார்டை மாற்றுவதுதான் மலிவான வழி. ஏஎம்டி பக்கம் டிரைவர் முழுக்கக் கேர்னலுக்குள். ஃபயர்ப்ரோ வி4900, ரேடியன் எச்டி 6450 இரண்டுக்கும் 'ரேடியன்' டிரைவர். ஆர்எக்ஸ் 550க்கு 'ஏஎம்டிஜிபியூ'. மூன்றுக்கும் தனி பவர் கேபிள் தேவையில்லை, ஸ்லொட்டிலிருந்து வரும் கரண்டே போதும். ஆர்எக்ஸ் 550 வாங்குவதென்றால் மெஷினைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். பழைய பயோஸில் சில கார்டுகள் பூட் திரை காட்டாது.

என்விடியா டிரைவரைக் கழற்றும் வரிசை முக்கியம். கார்டைக் கழற்ற முன்பே செய்யுங்கள்:

முதலில் என்விடியா பெக்கேஜ்கள் அனைத்தையும் 'பர்ஜ்' செய்யுங்கள், 'ரிமூவ்' போதாது. அடுத்து 'ஈடிசி' கீழ் 'மொட்புரோப்.டி' ஃபோல்டரில் நூவோவைத் தடைசெய்யும் ஃபைல் மீதமிருக்கிறதா பாருங்கள், இருந்தால் நீக்குங்கள். 'எக்ஸ்11' ஃபோல்டரில் 'எக்ஸோர்க்.கொன்ஃப்' இருந்தால் பெயரை மாற்றி வையுங்கள். கிரப் (பூட் மெனு) அமைப்பில் 'நோமோட்செட்' இருந்தால் எடுங்கள், 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். கடைசியாக 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஓல்'.

அந்தக் கடைசி அடியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தடை ஃபைலின் பிரதி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு பொதியான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் இருக்கிறது. டிஸ்க்கில் நீக்கினாலும் பூட் ஆகும்போது பழைய தடை வேலை செய்யும், நூவோ ஏறாது. புதுக் கார்ட் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஏஎம்டிக்கு 'ஃபேர்ம்வெயார்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ்' பெக்கேஜ் கட்டாயம். இல்லாவிட்டால் திரை வந்தாலும் தடித்த எழுத்தும் ஒரே ரெசொலூஷனுமாகத்தான் வரும். டெபியன் 12 முதல் இன்ஸ்டோலரிலேயே ஃபேர்ம்வெயார் இருக்கிறது. 11இலிருந்து அப்கிரேட் செய்து வந்தவர்கள் சோர்ஸ் பட்டியலில் 'நொன்-ஃப்ரீ-ஃபேர்ம்வெயார்' என்ற புதுப் பகுதியைக் கையால் சேர்க்க வேண்டும்.

#5 லிந்துலை_லூப்

எதிர்க்கருத்து ஒன்று. நூவோவை எல்லாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. டெஸ்லா தலைமுறையில் இரண்டு மொனிட்டரோடு கியூஜிஐஎஸ் வரைபடம் திறந்தால் திரை உறையும், பதிவில் நூவோவின் 'ஃபைஃபோ' பிழை வரும். அளவையாளர்களுக்கு இது தினசரி வேலை. 340உம் 5.4உமாக உறையவைத்து, நெட்வேர்க் கேபிளைக் கழற்றிவிட்டால் அந்த மெஷின் இன்னும் பல வருஷம் நிம்மதியாக ஓடும். ஓடுகிற ஒன்றை ஏன் கலைக்க வேண்டும்?

உறையவைப்பதென்றால் முறையாக உறையவையுங்கள். 'ஏபிடி-மார்க் ஹோல்ட்' என்று கேர்னல், ஹெடர், என்விடியா மூன்றையும் பூட்டுங்கள். தானாகப் புதுப்பிக்கும் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' சேவையை நிறுத்துங்கள். முழு டிஸ்க்கையும் 'குளோன்சில்லா'வால் ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

#6 நானுஓயா_நோட்

கேபிள் கழற்றியதால் மட்டும் ஒரு மெஷின் தனித்துவிடாது லிந்துலை. அளவையாளரின் மெஷினுக்கு ஜிபிஎஸ் கருவியிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் தினமும் ஃபைல் வருகிறது. அதோடு 340 உறைந்தால் கியூஜிஐஎஸ்ஸும் உறைகிறது, பைத்தனும் உறைகிறது. இரண்டு வருஷம் கழித்துத் திணைக்களத்திலிருந்து வரும் ஃபைலைத் திறக்க முடியாமல் போகும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

ஆனாலும் நூவோ உறைவது உண்மை, அதை மறைக்கக்கூடாது. எஃப்எக்ஸ் 580இல் நூவோவோடு போராடாதீர்கள், கார்டை மாற்றுங்கள். ஒரு பழைய எச்டி 6450 அந்த வேலைக்குப் போதும்.

கெப்லர் கார்ட் உள்ளவர்களுக்கு இன்னொன்று. நூவோ அந்தக் கார்டைப் பூட்டில் இருந்த குறைந்த வேகத்திலேயே வைத்திருக்கும், தானாகக் கூட்டாது. 'டீபக்எஃப்எஸ்' கீழ் 'டிஆர்ஐ' ஃபோல்டரில் 'பிஸ்டேட்' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அதைப் படித்தால் 07, 0ஏ, 0எஃப் போன்ற வேகப்படிகள் வரும். ரூட்டாக அந்தப் படியின் எண்ணை அதற்குள் எழுதினால் வேகம் மாறும். மேல்படிக்கு நேரே பாயாமல் நடுப்படியில் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். ரீபூட்டில் பழைய நிலைக்கே திரும்பும், அதனால் பயமில்லாமல் சோதிக்கலாம். மெக்ஸ்வெல்லில் கே620இன் முதல் தலைமுறைக்கு இது உண்டு, அடுத்த தலைமுறைக்குக் கிடையாது.

#7 பண்டாரவளை_பிட்

டெபியன் 12இலிருந்து 13க்கு ஏற்ற முயன்றால் பூட் பகுதியில் இடமில்லை என்று இனிட்ராம்எஃப்எஸ் கட்டும்போது நிற்கிறது. பகுதி 487 எம்பி. டிஸ்க்கைத் திரும்பப் பிரிக்காமல் வழி இருக்கிறதா சேர்?

#8 கொட்டகலை_கேர்னல்

இருக்கிறது. டெபியன் 13இன் வெளியீட்டுக் குறிப்பே பூட் பகுதி குறைந்தது 768 எம்பி, அதில் 300 எம்பியளவு காலி என்று கேட்கிறது. கேர்னல் 6.12இன் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் கிராஃபிக்ஸ் ஃபேர்ம்வெயார் ஏறுவதுதான் பெருக்கத்துக்குக் காரணம்.

அப்கிரேட் தொடங்க முன்: 'ஈடிசி' கீழ் 'இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்' ஃபோல்டரில் 'இனிட்ராம்எஃப்எஸ்.கொன்ஃப்' திறந்து 'மொடியூல்ஸ்=மோஸ்ட்' என்பதை 'மொடியூல்ஸ்=டெப்' ஆக்குங்கள் (இந்த டெப் 'டிபென்டன்ஸி' என்பதன் சுருக்கம், பெக்கேஜ் வகையான டெப் அல்ல). 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஓல்' ஓட்டிவிட்டு பூட் பகுதியில் எவ்வளவு காலி என்று பாருங்கள். இந்த மெஷினுக்குத் தேவையான மொடியூல் மட்டும் உள்ளே போவதால் ஃபைல் நன்றாகச் சுருங்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டெப் என்பது இப்போது இருக்கிற ஹார்ட்வெயாருக்கு மட்டும். நாளை டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினாலோ, பயோஸில் சாட்டா முறையை ஐடிஇயிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றினாலோ, ரூட் டிஸ்க் கிடைக்காமல் '(இனிட்ராம்எஃப்எஸ்)' என்ற வெறும் திரையில் நிற்கும். பழைய பெட்டரி இறந்து பயோஸ் தன் இயல்பு நிலைக்குப் போனாலும் இதே கதை. ஆகவே ஒரு கேர்னலின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மட்டும் மோஸ்ட் முறையில் கட்டி, மீட்புக்கென்று வைத்திருங்கள்.

சரியாக ஓடிய கேர்னல் ஒன்றை எப்போதும் கைவசம் வையுங்கள். 'ஓட்டோரிமூவ்' பழையவற்றைத் துடைத்துவிடும். காக்க வேண்டிய கேர்னல் பெக்கேஜை 'ஏபிடி-மார்க் மெனுவல்' என்று குறித்தால் அது தப்பும்.

தூரத்துத் தோட்ட ஒஃபிஸில் இருக்கும் மெஷினுக்கு இந்த முறை மிகவும் உதவும். அக்கரப்பத்தனையில் இருக்கிற மெஷினுக்காக ஒருவர் பஸ் ஏறிப் போக வேண்டியதில்லை. கிரப் அமைப்பில் 'கிரப்_டிஃபோல்ட்=சேவ்ட்' என்று வைத்து, 'கிரப்-செட்-டிஃபோல்ட்' மூலம் பழைய கேர்னலை இயல்பாக்குங்கள். கேர்னல் வரியில் 'பெனிக்=10' சேருங்கள். புதுக் கேர்னலை 'கிரப்-ரீபூட்' மூலம் ஒரே ஒரு தடவைக்கு மட்டும் தெரிவுசெய்து ரீபூட் கொடுங்கள். பெனிக் (கேர்னல் மீள முடியாமல் நிற்பது) வந்தால் 10 விநாடியில் தானாகத் திரும்பிப் பழைய கேர்னலில் ஏறும். ஏறிய பின் எல்லாம் சரி என்றால் மட்டும் புதியதை இயல்பாக்குங்கள்.

நிபந்தனை: பூட் பகுதி சாதாரண எக்ஸ்ட்4 பகுதியாக இருக்க வேண்டும். எல்விஎம் மீதோ சொஃப்ட்வெயார் ரெய்ட் மீதோ இருந்தால் கிரப்பால் தன் குறிப்பு ஃபைலில் எழுத முடியாது. ஒரு தடவை என்பதை அழிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் புதுக் கேர்னலிலேயே ஏறும். பெனிக் ஆகாமல் வெறுமனே உறைந்தாலும் இந்த முறை காப்பாற்றாது. அதற்கு, உறைந்த மெஷினைத் தானாக ரீபூட் செய்யும் இன்டெல் சிப்செட்டின் வொட்ச்டோக் மொடியூலான 'ஐடிசிஓ_டபிள்யூடிடி', சிஸ்டம்டியின் 'ரன்டைம்வொட்ச்டோக்செக்' இரண்டையும் இயக்க வேண்டும்.

#9 பண்டாரவளை_பிட்

டெப் ஆக்கியதும் இடம் வந்துவிட்டது, 13 ஏறிவிட்டது. நன்றி சேர். என்விடியா 470 இருந்த இன்னொரு மெஷினில் மட்டும் கேர்னல் சிறிதாகப் புதுப்பிக்கும்போதெல்லாம் டெஸ்க்டொப் வராமல் போகிறது. டிகேஎம்எஸ் நிலையைக் கேட்டால் பழைய கேர்னலுக்கு மட்டும் கட்டியிருக்கிறது.

#10 நானுஓயா_நோட்

'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' என்ற தாய்ப் பெக்கேஜ் இல்லை, ஏதோ ஒரு குறிப்பிட்ட எண்ணின் ஹெடர் மட்டும் இருக்கிறது. தாய்ப் பெக்கேஜைப் போடுங்கள், ஒவ்வொரு புதுக் கேர்னலோடும் ஹெடர் சேர்ந்து வரும், டிகேஎம்எஸ் தானாகக் கட்டும்.

#11 பதுளை_பைட்

கொழுந்து நிறுக்கும் தராசு பற்றி யாராவது சொல்லுங்கள். ஆர்எஸ்-232 வெளியீடு. பெக்டரி மெஷினில் பிசிஐ எட்டு போர்ட் சீரியல் கார்ட், கம்பனி டிரைவர் 2.6 கேர்னல் காலத்தது. புது லினக்ஸில் கார்டின் மூன்று போர்ட்தான் தெரிகிறது. தம்பிமார் யூஎஸ்பி மாற்றி வாங்கலாம் என்கிறார்கள்.

#12 லிந்துலை_லூப்

மூன்று தெரிகிறதென்றால் கார்டுக்கு டிரைவர் வேண்டாம், கேர்னலே அடையாளம் கண்டுவிட்டது. டெபியனின் கேர்னல் இயல்பாக நான்கு 8250 வகைச் சீரியல் போர்ட்களைத்தான் ஒதுக்குகிறது. மதர்போர்டில் உள்ளது ஒன்று, கார்டில் மூன்று, கணக்கு சரி. கேர்னல் வரியில் '8250.என்ஆர்_யூஆர்ட்ஸ்=16' சேர்த்து ரீபூட் செய்யுங்கள், எட்டும் வரும்.

ஒரு போர்ட்டும் தெரியாவிட்டால்தான் அடுத்த அடி. 'எல்எஸ்பிசிஐ -என்என்' தரும் இரண்டு எண்களையும் எடுத்து, 'சிஸ்' கீழ் 'பஸ்', 'பிசிஐ', 'டிரைவர்ஸ்', 'சீரியல்' என்று போய் 'நியூ_ஐடி' ஃபைலுக்குள் எழுதிப் பாருங்கள். சாதாரண 16550 வகைச் சிப் என்றால் பல தடவை அப்படியே பிடித்துக்கொள்ளும். எக்ஸார் சிப்புக்கு '8250_எக்ஸார்', மொக்ஸா ஸ்மார்டியோவுக்கு 'எம்எக்ஸ்சர்' ஏற்கெனவே கேர்னலுக்குள் இருக்கின்றன. 2.6 காலத்து டிரைவரைத் திருத்தி எழுத நேரம் செலவழிக்காதீர்கள்.

யூஎஸ்பி மாற்றி வாங்கினாலும் லினக்ஸில் ஓடும், ஆனால் மூன்று இடத்தில் இடறும்.

சிஎச்340 சிப் உள்ளதை உபுண்டு 22.04இல் செருகினால் போர்ட் தோன்றிய உடனே மறையும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று நினைத்து 'பிஆர்எல்டிடிவை' அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒஃபிஸில் பிரெய்ல் கருவி பயன்படுத்துகிறவர் இல்லையென்றால் அந்தப் பெக்கேஜை நீக்குங்கள். இருந்தால் அவருடைய கருவியைக் கெடுக்காமல், யூடெவ் (செருகும் கருவிகளைக் கையாளும் சேவை) விதியில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள்.

இரண்டாவது, 'மோடெம்மெனேஜர்'. புதிதாக வந்த சீரியல் போர்ட்டை மோடெமோ என்று சோதிக்க அது ஏடி கட்டளைகளை அனுப்பும். தராசு குழம்பி முதல் சில வாசிப்புகளைத் தப்பாகத் தரும். எடை தப்பினால் ஆளின் சம்பளம் தப்பும், இதை லேசாக விடக்கூடாது. யூடெவ் விதியில் 'ஐடி_எம்எம்_டிவைஸ்_இக்னோர்=1' சேருங்கள்.

மூன்றாவது, பெயர். சிஎச்340 சிப்புகளில் தொடர் எண் இல்லை. இரண்டு தராசு இருந்தால் இன்று 'டிடிவையூஎஸ்பி0' ஆக இருப்பது நாளை 1 ஆகலாம். யூடெவ் விதியில் 'ஐடி_பாத்' வைத்து, யூஎஸ்பி துளைக்கு ஒரு நிலையான பெயர் கொடுங்கள். துளையில் பெயின்டால் குறி வையுங்கள், துடைக்கிறவர் மாற்றிச் செருகிவிடாமல் இருக்க.

#13 கொட்டகலை_கேர்னல்

அதோடு பிரிண்டரையும் சொல்லிவிடலாம். செக்ரோல் (சம்பளப் பட்டியல்) அடிக்கிற எப்சன் எல்எக்ஸ்-310இல் யூஎஸ்பியும் உண்டு, பழைய பெரலல் போர்ட்டும் உண்டு. லினக்ஸ் புரோகிராம் என்றால் யூஎஸ்பியில் போடுங்கள், வேலை முடிந்தது. பழைய டொஸ் புரோகிராம் நேரடியாக 378 முகவரிக்கு எழுதுகிறதென்றால் மதர்போர்டின் சொந்தப் போர்ட் வேண்டும். பயோஸில் 378, ஐஆர்கியூ 7 என்று வைத்து 'பார்போர்ட்_பிசி' ஏறியிருக்கிறதா பாருங்கள். பிசிஐ பெரலல் கார்டுகள் வேறு முகவரியில்தான் உட்காரும். யூஎஸ்பி-பெரலல் கேபிளில் அந்த முகவரியே இல்லை, அச்சடிக்க மட்டும் உதவும்.

#14 நானுஓயா_நோட்

கேர்னல் மேல் பழி போட முன் ஹார்ட்வெயாரைப் பார்க்க வேண்டும். நம்ம பக்கத்து மிஸ்டும் ஈரமும் ரேம், கார்ட் முனைகளில் ஒரு மங்கல் படலத்தை ஏற்றிவிடும். அதன் அடையாளம் டிரைவர் பிழை போலவே இருக்கும்.

கேர்னலின் 'டிமெசேஜ்' பதிவில் 'பிசிஐஇ பஸ் எரர், கரெக்டட்' என்று வரிசையாக வந்தால் பலரும் 'பிசிஐ=நோஏஇஆர்' போட்டு வாயை மூடிவிடுகிறார்கள். முதலில் மெஷினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கார்டை எடுத்து முனையை ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்து, காய்ந்த பின் திரும்ப மாட்டுங்கள். எண்ணிக்கை நின்றால் பிழை கேர்னலில் இல்லை.

ரேமுக்கு இந்த மெஷின்களில் ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடுவது பாவம். ஈசிசி ரேம் திருத்திய பிழைகளைக் கேர்னல் எண்ணி வைக்கும். நெஹலம் மெஷின்களுக்கு 'ஐ7கோர்_ஈடாக்', சாண்டி பிரிட்ஜுக்கு 'எஸ்பி_ஈடாக்' மொடியூல். 'ராஸ்டீமன்' பெக்கேஜைப் போட்டால் எந்த ஸ்லொட்டில் எத்தனை என்று சேமிக்கும். ஒரே ஸ்லொட்டில் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த ரேமைத் துடைத்து ஸ்லொட் மாற்றுங்கள். பிழை ரேமோடு நகர்ந்தால் ரேம் பழுது, ஸ்லொட்டிலேயே நின்றால் ஸ்லொட்.

சிஆர்2032 பெட்டரி: தேதி பின்னோக்கிப் போனால் 'ஏபிடி' ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கும், பிரவுசரில் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டும். ஆட்கள் நெட்வேர்க் டிரைவரைச் சந்தேகிப்பார்கள். பெட்டரி மாற்ற முன் பயோஸின் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள், குறிப்பாகச் சாட்டா முறையை.

இடி. மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேர இடியில் போவது பெரும்பாலும் நெட்வேர்க் சிப். பாதி செத்த சிப் 'டிஜி3' டைம்அவுட் என்று பதிவில் எழுதும், கேர்னலை எத்தனை மாற்றினாலும் தீராது. பயோஸில் அதை முடக்கிவிட்டு 82574எல் சிப் உள்ள இன்டெல் கார்ட் ஒன்றைப் போடுங்கள். அதில் லிங்க் இடையில் விழுந்தால் 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஓஃப்' உதவும்.

#15 பதுளை_பைட்

கேர்னல் வரியில் 'மிட்டிகேஷன்ஸ்=ஓஃப்' போட்டு, மெல்ட்டவுன் போன்ற புரொசெசர் ஓட்டைகளுக்கான தடுப்பை நிறுத்தினால் பழைய மெஷின் வேகமாகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே?

#16 நானுஓயா_நோட்

வேகம் வரும், உண்மைதான். நெஹலமில் பிசிஐடி வசதி இல்லை, அதனால் மெல்ட்டவுன் தடுப்புக்கு அது கூடுதல் விலை கொடுக்கிறது. ஆனால் பிரவுசர் திறக்கிற மெஷினில் போடக்கூடாது. சம்பளக் கணக்கும் வங்கிப் பக்கமும் அதே மெஷினில்தானே திறக்கிறீர்கள்? 'சிஸ்' கீழ் சிபியூவின் 'வல்னரபிலிட்டீஸ்' ஃபோல்டரைப் படித்தால் எது தடுக்கப்பட்டிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று வரும். கோர் 2 தலைமுறைச் சியோன் 5400க்கு இந்த ஓட்டைகளுக்கான மைக்ரோகோட் (புரொசெசரின் உள் நிரல்) திருத்தம் தரப்போவதில்லை என்று இன்டெல் 2018 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. அந்த மெஷின்களுக்கு இணையம் கொடுக்காமல் வேறு வேலை கொடுங்கள். வேகம் வேண்டுமென்றால் எஸ்எஸ்டி போடுங்கள், வித்தியாசம் அதில்தான் தெரியும்.

#17 லிந்துலை_லூப்

சொந்தமாகக் கேர்னல் கட்ட நினைக்கிறவர்களுக்கு. 6.12இன் மூலப்பொதி 150 எம்பிக்குக் கிட்ட. ஃபோன் டேட்டாவில் முழு கிட் வரலாற்றையும் இறக்காதீர்கள், அது ஜிபி கணக்கில் போகும்.

'மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்' இப்போது ஏறியிருக்கும் மொடியூல்களை மட்டும் வைத்துக் கட்டும், பழைய நான்கு கோர் மெஷினுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதை ஓட்ட முன் பிரிண்டர், தராசு, பென் டிரைவ், ஃபோன், ஸ்கேனர் எல்லாவற்றையும் ஒருதரம் செருகி இயக்கியிருக்க வேண்டும். செருகாததன் மொடியூல் ஏறியிருக்காது, புதுக் கேர்னலில் இருக்காது. மாசக் கடைசியில் யாராவது வெளி டிஸ்க் கொண்டுவரும்போதுதான் தெரியவரும்.

கொன்ஃபிக்கில் 'டீபக்_இன்ஃபோ'வை 'நன்' ஆக்குங்கள், இல்லையேல் டிஸ்க் நிறையும். 'சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்' என்பதில் விநியோகத்தின் சான்றிதழ்ப் பாதை இருந்தால் வெறுமையாக்குங்கள், இல்லாவிட்டால் 'பிஇஎம் ஃபைல் இல்லை' என்று பாதியில் நிற்கும். பிறகு 'மேக் பின்டெப்-பிகேஜி'. டெப் பெக்கேஜாக வருவதால் பிடிக்காவிட்டால் 'ஏபிடி'யாலேயே கழற்றலாம். 4 ஜிபி ரேம் என்றால் '-ஜே2' போதும்.

#18 கொட்டகலை_கேர்னல்

ஒரு கேர்னலில் ஓடி அடுத்ததில் ஓடாத டிரைவரைக் கண்டால் பழைய கேர்னலோடு ஒதுங்கிவிடாதீர்கள், தெரிவியுங்கள். இசட்400 வைத்துச் சோதிக்கிற ஆட்கள் உலகத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிழையைச் சொல்ல ஆளில்லாத டிரைவரைத்தான் ஒருநாள் பயன்பாட்டில் இல்லை என்று நீக்குவார்கள்.

முதலில் டெபியனின் பழைய கேர்னல் பெக்கேஜ்கள் கிடைக்கும் ஸ்னப்ஷொட் களஞ்சியத்திலிருந்து இரண்டு மூன்றை எடுத்து, எந்தப் பதிப்பில் உடைந்தது என்று நெருக்குங்கள். அதுவே பெரிய உதவி. அதற்கும் உள்ளே போக முடிந்தால் 'கிட் பைசெக்ட்'. இரண்டு வெளியீட்டுக்கு இடையில் 15,000 மாற்றம் இருந்தாலும் பாதி பாதியாகப் பிரிப்பதால் 14 கட்டுதலில் குற்றவாளி அகப்படும். 'கெட்_மெயின்டெய்னர்' ஸ்கிரிப்டுக்கு டிரைவர் ஃபைலின் பெயரைக் கொடுத்தால் யாருக்கு எழுத வேண்டும் என்று தரும். ரிக்ரெஷன் (முன்பு ஓடியது உடைவது) அஞ்சல் பட்டியலுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அஞ்சல் வெறும் எழுத்தாக இருக்க வேண்டும், எச்டிஎம்எல் என்றால் பட்டியல் திருப்பிவிடும். ஓடிய பதிப்பு, ஓடாத பதிப்பு, இரண்டின் முழு டிமெசேஜ், 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' வெளியீடு நான்கையும் சேருங்கள். மூடிய என்விடியா மொடியூல் ஏறியிருந்தால் கேர்னல் கறைபட்டதாகக் குறிக்கப்பட்டிருக்கும், அந்த நிலையில் எடுத்த பதிவை அவர்கள் பார்க்கமாட்டார்கள். மொடியூலைக் கழற்றி, ரீபூட் செய்து, திரும்ப எடுத்து அனுப்புங்கள்.

#19 பதுளை_பைட்

'என்ஆர்_யூஆர்ட்ஸ்=16' போட்டதும் எட்டு போர்ட்டும் வந்தன. தராசு ஐந்தாவது போர்ட்டில் 9600, 8என்1இல் சரியாகப் படிக்கிறது. எஃப்எக்ஸ் 580க்குப் பதில் எச்டி 6450 தேடுகிறேன். பதுளையிலோ பண்டாரவளையிலோ குறுகிய தகடு இல்லாமல் முழு உயரத் தகட்டோடு யாரிடமாவது இருந்தால் தனிச் செய்தி போடுங்கள்.

#20 பண்டாரவளை_பிட்

ஒன்று இருக்கிறது, முழு உயரத் தகடு, ஃபேன் இல்லாத வகை. டி3500இல் அதை மேல் ஸ்லொட்டில் போட்டு, கீழே அடுத்த ஸ்லொட்டைக் காலியாக விடுங்கள், ஹீட்சிங்குக்குக் காற்று வேண்டும். செய்தி அனுப்பியிருக்கிறேன்.